புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பிறகு கர்ப்பம், குளுக்கோஸ் பரிசோதனை

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) செய்துகொண்டவள், இப்போது கர்ப்பம், கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தரும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். குடிக்கவில்லை.

அறுவை செய்த டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி முடிவெடுத்தார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அவ்வளவு சர்க்கரையும் சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கிவிடும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, அப்புறம் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். முடிவையும் நம்ப முடியாதாம். பதிலாக, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாயிற்று, எல்லாம் அளவுக்குள். விரல்தான் சல்லடை.

மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு: இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எனக்குக் கால்சியம் சிட்ரேட்தான்; கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், நமக்கு அது குறைவு. பி12 ஊசியாகப் போகிறது. வைட்டமின் ஏ, ரெட்டினாலாக (அந்த வடிவம் அதிகமானால் கருவுக்கு ஆகாது) இல்லாமல் பீட்டா கரோட்டினாக.

"ரெண்டு உயிருக்குச் சாப்பிடும்மா" என்று அத்தை தட்டை நிரப்புவது மட்டும் நிற்கவில்லை. முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில் என்று சமாளிக்கிறேன்.

இன்னொன்று, பைபாஸ் ஆனவர்களுக்குக் கர்ப்பத்தில் கடும் வயிற்றுவலி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுக்க வேண்டாம். குடல் உள்ளேயே சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், பைபாஸ் ஆனதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.