எமிசரி சிரை: தூதா, தூம்பா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,
செவிலிய மாணவியருக்கான தலைக்காயப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைத்தோலின் ஐந்து அடுக்குகளில் நான்காவது தளர்ந்த திசு. அங்கே சீழ் பிடித்தால் எமிசரி சிரைகள் வழியே மண்டையோட்டைக் கடந்து மூளையுறையின் சிரைக்குழிகளை எட்டிவிடலாம். ஆங்கிலத்தில் ‘எமிசரி’ என்றால் தூதர் என்பதால் ‘தூது’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– மொழிபெயர்ப்பாளர்

அம்மா,
அன்னத்தையும் கிளியையும் தூது விட்டோம்; சீழையுமா? இலத்தீனில் எமிஸ்ஸாரியம் என்பது ஏரிநீரை வெளியேற்றும் வழி. ஃபூச்சினோ ஏரியை வடிக்க உரோமர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்கும் அதுவே பெயர். நம் ஏரிக்கரையைத் துளைத்துச் செல்வது தூம்பு. எலும்பைத் துளைத்துச் செல்வது தூம்புச் சிரை. மலைபடுகடாத்தில் தூம்பு யானைத் துதிக்கை போன்ற ஊதுகருவி. தும்பிக்கையே தூம்புக்கைதான் என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிப்பேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புலவர் ஐயா, விரிக்க வேண்டாம்.
தூம்பில் நீர் ஒரு பக்கமாகத்தான் போகும். இச்சிரைகளில் வால்வு இல்லை. இரத்தம் இருபுறமும் ஓடும். தொற்று உள்ளே நுழைவதே அதனால்தான். ‘ஊடுசிரை’ போதும். உண்மையில் மாணவிக்குத் தெரியவேண்டியது வேறு: சிறு வெட்டுக்கும் தலையில் ஏன் அத்தனை இரத்தம்? இரண்டாம் அடுக்கின் நார்கள் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்வதால் அறுபட்ட குழாய் சுருங்க முடிவதில்லை. அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்குக் கலைச்சொல் எதற்கு?
– அறுவை மருத்துவர்

டாக்டர், காலில் மேல்சிரையையும் ஆழ்சிரையையும் இணைப்பவற்றுக்கு ‘ஊடுசிரை’யைக் கொடுத்துவிட்டால் இங்கே என்ன செய்வது?
எங்களுக்குச் ‘சிரை’யே இடறுகிறது. இலங்கைப் பாடநூலில் தமனி என்பது நாடி, சிரை என்பது நாளம். உங்களுக்கோ நாளம் என்றால் எல்லா இரத்தக் குழாயும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிரீன் வைத்தியர் உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றார். இன்று யாருக்கு விளங்கும்?
– யாழ்ப்பாணத்து விலங்கியல் ஆசிரியை

விளங்க வைப்பதுதானே ஆசிரியர் வேலை! மூன்றாம் அடுக்கான கலேயாவுக்கும் சொல் தருகிறேன். இலத்தீனில் அது தலைக்கவசம். பழைய விவிலியத் தமிழில் ‘தலைச்சீரா’. எடுத்துக்கொள்ளுங்கள்.
– தமிழாசிரியர்

வார்டில் ‘தலைச்சீரா கிழிந்திருக்கிறது’ என்று சொன்னால் நோயாளியின் ஹெல்மெட்டைத் தேடுவார்கள், ஐயா. அந்த அடுக்கு குறுக்கே அறுபட்டால், முன்னும் பின்னும் உள்ள தசைகள் இழுத்துக் காயம் வாய் பிளக்கும். ‘தசைநாண் விரிப்பு’ என்றால் பாதியாவது புரியும்.
– அறுவை மருத்துவர்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். மூவர் தூம்பு என்றார்கள், ஒருவர் ஊடு, மற்றவர்கள் பதில் எழுதவில்லை. ‘எமிசரி சிரை’ என்று போட்டு, அருகே அடைப்புக்குறிக்குள் தூம்பையும் சேர்த்துவிட்டேன். கலேயா கலேயாவாகவே போகிறது.
– மொழிபெயர்ப்பாளர்

அச்சுப்படி பார்த்தேன். ‘தூம்பு சிரை’ என்று இருக்கிறது. ஒற்று எங்கே?
– தமிழாசிரியர்