கீலா, அடிச்சிறகா, ஏராவா? பாய்ப்படகின் அடியுறுப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாய்ப்படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் உறுப்பைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பெரம்பூர் நண்பர் ‘கீல்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடலாம் என்றார். தமிழாசிரியர் ஐயா ‘அடிச்சிறகு’ என்று புனைந்து அனுப்பினார். கப்பல் பட்டறையில் பணியாற்றும் சகோதரி, ‘முதுகெலும்பு’ என்ற சொல்லே தொழிலாளர்களுக்கு உடனே விளங்கும் என்றார். மூன்றையும் பாடக்குறிப்பில் இட்டு எழுதிப் பார்த்த பிறகே இந்த மடலை அனுப்புகிறேன். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பில் படகுப் பழுது கற்கும் மாணவர்களுக்கான குறிப்பு அது. அவர்களில் பலர் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதால், கடலைப் பற்றிய அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு எழுத்தில் பெயர் வைத்துத் தருவதையே என் பொறுப்பாகக் கருதுகிறேன்.

முதலில் ‘கீல்’. அயற்சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. நங்கூரமும் சுக்கானும் பிறமொழிகளிலிருந்து வந்து நம் கரையில் நிலைத்தவைதாம். அவற்றை மாற்ற எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஆனால் கீல் என்ற சொல்லுக்குத் தமிழில் முன்பே இரண்டு பொருள்கள் உண்டு. கதவு திரும்புவதற்கான கீல் ஒன்று. மரப்படகின் இடுக்குகளில் நீர் புகாமல் பூசும் தார் போன்ற கீல் மற்றொன்று. இரண்டுமே படகுப் பட்டறைக்குள் அன்றாடம் புழங்குபவை. போதாக்குறைக்கு, இன்றைய பெரும் பந்தயப் படகுகள் சிலவற்றில் இந்த அடியுறுப்பையே பக்கவாட்டில் சாய்ப்பதற்காக ஒரு கீலில் பொருத்துகிறார்கள். ‘கீல் தன் கீலில் திரும்புகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே அடித்துவிட்டேன்.

சகோதரி சொன்ன முதுகெலும்பு மரக்கலத்துக்கு மிகவும் பொருந்தும். மரக்கலம் கட்டும்போது முதலில் கிடத்தப்படுவது அந்த நீண்ட அடிமரம். அதிலிருந்து இருபுறமும் வங்குகள் எழும். வங்குகளின்மேல் பலகைகள் பொருந்தும். இந்த அடிமரத்துக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: ஏரா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் இடம்பெற்ற சொல் அது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகப் புனைவது தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயினும் ஒரு தடை எழுந்தது. இக்காலப் பாய்ப்படகின் உடல் பெரும்பாலும் கண்ணாடி இழையில் ஒரே வார்ப்பாக வருகிறது. அதன் அடியில் தொங்குவது தனியே வார்த்து, போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட ஒரு பகுதி. அதைக் கழற்றி எடுத்தாலும் படகின் உடல் உடையாது. ஆகவே அது முதுகெலும்பு அன்று. அப்படியென்றால் ‘ஏரா’ என்ற பெயரை அதற்குக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியோடு ஞாயிறு காலை காசிமேட்டுக்குப் போனேன். பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிப் பழகிய ஒரு பெரியவர் மணலில் அமர்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். கட்டுமரத்துக்கு அடியுறுப்பு ஏதும் கிடையாதே, பக்கக் காற்றில் பாய் விரித்தால் எப்படி நேராகப் போகும் என்று கேட்டேன். அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அருகில் கிடந்த பலகைத் துண்டை ஈர மணலில் செங்குத்தாக ஊன்றி, அதன் அகன்ற முகத்தை உள்ளங்கையால் தள்ளிக் காட்டினார். பலகை அசையவில்லை. “பலகை எறக்கலன்னா மரம் ஒதுங்கிப் பூடும் தம்பி. எறக்கிட்டா தண்ணியப் புடிச்சிக்கும்,” என்றார்.

ஒதுங்குதல், பிடித்தல் என்ற இந்த இரண்டு வினைகளிலும் நாம் தேடிய கலைச்சொற்களின் வேர் இருக்கிறது.

காற்று வரும் திசையை நோக்கிச் சாய்வாகப் படகு ஏறும்போது, பாயில் பிறக்கும் விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னே செலுத்துவது அதில் சிறு பங்குதான். அதனால் படகு மூக்கு காட்டும் திசையில் அப்படியே போவதில்லை. மூன்று முதல் ஐந்து பாகை வரை காற்றுக்கு ஒதுங்கியே செல்கிறது. இந்த விலகலுக்கு ‘ஒதுக்கம்’ என்று எழுதலாமென்றால், நிதி ஒதுக்கமும் இட ஒதுக்கீடும் நினைவுக்கு வந்து குறுக்கிடும். ஆகவே ‘ஒதுங்கல்’ என்று பரிந்துரைக்கிறேன். ஒதுங்கல் முற்றிலும் கேடானதன்று என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அந்தச் சில பாகைச் சாய்வில் நீர் வந்து மோதும்போதுதான் அடியுறுப்பின் ஒருபுறம் அழுத்தம் கூடி மறுபுறம் குறைந்து, பாயின் பக்கத் தள்ளலுக்கு ஈடான எதிர்விசை பிறக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதனால் பாயின் பரப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே உள்ள ஒரு சிறிய உறுப்பு அவ்வளவு பெரிய பாயை எதிர்த்து நிற்கிறது.

விமானத்தில் இதே விசையைத் ‘தூக்குவிசை’ என்கிறோம். இங்கே அது எதையும் தூக்குவதில்லை, பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது. பெரியவரின் சொல்லைக் கொண்டு இதற்குப் ‘பக்கப்பிடிப்பு’ என்று வைக்கலாம். இதை நானே கையால் உணர்ந்தேன். அன்று துறைமுகத்துக்குள் மெதுவாகச் சென்ற ஃபைபர் படகின் ஓரத்தில் சாய்ந்து, அதே பலகையை நீரில் இறக்கிப் பிடித்தேன். சற்றே திருப்பியதும் பலகை என் தோளைச் சீராகப் பக்கவாட்டில் இழுத்தது. இன்னும் கூடுதலாகத் திருப்பியபோது அந்த இழுப்பு சட்டென்று தளர்ந்து, பலகை நடுங்கி, அதன் பின்னே நீர் சுழித்தது. ஆங்கிலத்தில் ஸ்டால் என்று சொல்லும் இந்த நிலைக்குப் ‘பிடிநழுவல்’ என்ற சொல் அங்கேயே எனக்குத் தோன்றிவிட்டது.

அடியுறுப்புக்கு இரண்டாவது வேலையும் உண்டு. காற்று படகைச் சாய்க்கும்போது, ஆழத்தில் இருக்கும் எடை அதை நிமிர்த்த வேண்டும். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11 மடங்குக்குச் சற்று மேல். இரும்பினுடையது எட்டு மடங்குக்கும் குறைவு. ஆகவே ஈயத்தைத் திரட்டி, கூடியவரை கீழே வைக்கும்போது, குறைந்த எடையிலேயே படகு நிமிர்ந்து நிற்கிறது. அதனால் பாய் காற்றை முழுமையாக ஏற்கிறது. முனையில் இருக்கும் இந்தத் திரளுக்கு நம் மீனவர் வலையில் கட்டும் ‘ஈயக்குண்டு’ என்ற பெயரே போதும். அளவு வேறானாலும் கீழே இழுத்து நிறுத்தும் செயல் ஒன்றே.

ஆகவே என் கருத்து இது: பழைய அடிமரமும் இன்றைய தொங்குறுப்பும் படகின் நடுக்கோட்டில் அடியில் நிற்பவை, இரண்டும் ஒதுங்கலைத் தடுப்பவை. எனவே இரண்டுக்கும் ‘ஏரா’ என்ற பொதுப்பெயர் பொருந்தும். வகைகளை முன்னடை பிரிக்கட்டும். முன்னிருந்து பின்வரை ஓடுவது நீளேரா. குறுகி ஆழமாக இறங்குவது செட்டை ஏரா. துடுப்பு ஏரா என்று எழுதினால், படகு தள்ளும் துடுப்போடு குழம்பும். ‘செட்டை’ மீன் நீந்த உதவும் துடுப்பைக் குறிக்கும் சொல்லாக ஈழத்தில் இன்றும் நன்கு வழங்குகிறது.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து

ஆசிரியர் ஐயாவின் மறுமொழி:

அன்பு நண்பருக்கு வணக்கம். ‘ஏரா’ முன்னரே இருப்பதை அறியாமல் அடிச்சிறகு என்று புனைந்தேன். அதை மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும். ‘பக்கப்பிடிப்பு’ என்றால் எங்கள் வீட்டில் விலாப்புறம் வரும் தசைப்பிடிப்பையே நினைப்பார்கள். ‘பிடிப்பு’ என்று மட்டும் எழுதினால் சம்பளப் பிடித்தமும் அருகில் வந்து நிற்கும். ‘நீர்ப்பிடிப்பு’ என்று மாற்றவும் வழியில்லை, ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி அச்சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ‘செட்டை’ என்பதைச் சென்னைப் பிள்ளைகள் ‘சேட்டை’ என்று படிப்பார்கள். ‘இறக்கை ஏரா’ என்றால் எவருக்கும் விளங்கும் அல்லவா? மேலும், எடையும் பிடிப்பும் ஒரே உறுப்பின் இரு வேலைகள் என்றால், ஒரே பெயருக்குள் இரண்டையும் அடக்குவது சரிதானா என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐயாவின் மடலுக்கு என் விடை:

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். முதல் தடையை முழுமையாக ஏற்கிறேன். ‘பிடிவிசை’ என்று மாற்றிவிடலாம். விசை என்ற ஈறு சேர்ந்ததும் தசைக்கும் சம்பளத்துக்கும் இடமில்லாமல் போகிறது. நீர் பின்னோக்கி இழுப்பதைக் குறிக்கும் ‘இழுவை’க்கு இணையாகவும் அது நிற்கிறது. நல்ல ஏரா வடிவமைப்பு என்பது, பிடிவிசையை வேண்டிய அளவு பெற்றுக்கொண்டு இழுவையைக் குறைப்பதுதான் என்று ஒரே வரியில் இனி எழுத முடியும்.

செட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1983இல் அமெரிக்காவின் நியூபோர்ட் கடலில் நடந்த பாய்ப்படகுப் பந்தயத்தில் ஆஸ்திரேலியா 2 என்ற படகு, 132 ஆண்டுகள் நியூயார்க் படகுக் கழகத்தின் வசமிருந்த அமெரிக்கக் கோப்பையை நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. பென் லெக்சன் வடிவமைத்த அதன் ஏராவின் அடிமுனையில் இருபுறமும் ஈயத்தாலான இறக்கைகள் விரிந்திருந்தன. போட்டி முடியும்வரை அதைத் துணி கட்டி மறைத்தே வைத்திருந்தார்கள். ஏராவின் முனையில், அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நீர் வழிந்து சுழல் உண்டாகிறது. அந்தச் சுழலே இழுவையாக மாறுகிறது. ஆழத்தைக் கூட்டினால் சுழலின் பங்கு குறையும். ஆனால் பந்தய விதியோ ஆழமற்ற துறையோ அதைத் தடுக்கும்போது, முனையில் இறக்கை வைப்பது ஒரு வழி. நேர் கீழே இறங்கும் ஒன்றையும் பக்கவாட்டில் விரியும் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த விளக்கம் முழுவதும் குலைந்துவிடும். ஆகவே கீழிறங்குவது செட்டை, விரிவது இறக்கை. ஆஸ்திரேலியா 2இல் இருந்தது இறக்கை ஏரா. ஒரு மீனை வரைந்து பக்கத்தில் காட்டிவிட்டால் மாணவர்கள் செட்டையைச் சேட்டை என்று படிக்க மாட்டார்கள்.

தங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. சாயும் ஏராவில் இரண்டு வேலைகளும் உண்மையிலேயே பிரிந்துவிடுகின்றன. உலகைச் சுற்றும் பந்தயப் படகுகளில் ஏராவைக் காற்று வரும் பக்கமாக 40 பாகை வரை சாய்க்கிறார்கள்; ஈயக்குண்டு வெளியே தள்ளி நிற்பதால் படகை நிமிர்த்தும் திறன் மிகுகிறது. ஆனால் சாய்ந்த ஏராவால் நீரை நன்றாகப் பிடிக்க முடியாது. அதனால் பிடிவிசைக்கென்று தனிப் பலகைகளைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். காசிமேட்டுப் பெரியவர் மணலில் ஊன்றிக் காட்டிய பலகையின் வேலையேதான் அது. எனவே ‘ஏரா’ உறுப்பின் பெயராகவும், ‘பிடிவிசை’, ‘நிமிர்திறன்’ இரண்டும் வேலைகளின் பெயர்களாகவும் தனித்தனியே இருக்கட்டும். எடை தாங்காமல் பிடிக்க மட்டும் செய்யும் உறுப்பை ஏரா என்று எழுத வேண்டாம், ‘பலகை’ என்றே எழுதுவோம். சென்னையில் வளர்ந்த நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் செலுத்திய லேசர் ரேடியல் போன்ற சிறு படகுகளில் இருப்பதும் இத்தகைய பலகைதான். அங்கே நிமிர்திறனுக்கு, செலுத்துபவர் தம் உடலையே வெளியே சாய்த்துக் கொடுக்கிறார்.

இச்சொற்களை வைத்துப் பாடத்தின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று அனைவரும் சொல்ல வேண்டுகிறேன்:

“நீளேரா உள்ள படகு திசை மாறாமல் செல்லும், ஆனால் நனையும் பரப்பு மிகுதி என்பதால் மென்காற்றில் இழுவை அதிகம். செட்டை ஏரா குறைந்த பரப்பிலேயே வேண்டிய பிடிவிசையைத் தரும். அதன் முன்விளிம்பு உருண்டும் பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும். வேகம் குறைந்த படகைக் காற்றுக்கு எதிராக மிகவும் நெருக்கிச் செலுத்தினால் ஒதுங்கல் கூடி, ஏரா பிடிநழுவும். அப்போது சற்றே விலகி வேகம் பிடித்த பிறகு மீண்டும் நெருக்க வேண்டும். ஏராவில் கொட்டலசு (நீருக்குள் படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) ஒட்டியிருந்தால் மிகச் சிறந்த வடிவமும் பயன் தராது. ஆகவே படகைக் கரையேற்றியதும் முதலில் முன்விளிம்பைத் தடவிப் பார்த்து, சுரண்டி, வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும்.”