புதுப்பிப்பு: வைஃபை வழி மோட்டார் கட்டுப்பாடு, ஆட்டம் நின்றது

டிசி மோட்டாரின் வேகத்தை வைஃபை வழியாக பிஐடி (வேண்டிய வேகத்துக்கும் உள்ள வேகத்துக்கும் வித்தியாசம் பார்த்துத் திருத்தும் முறை) வைத்துக் கட்டுப்படுத்தினால், தாமதம் ஏறி இறங்கும்போதெல்லாம் வேகம் அலைபாய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

கெயினை (அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற அளவு) குறைத்ததில் ஆட்டம் அடங்கியது, ஆனால் லோடு மாறினால் மோட்டார் பழைய வேகத்துக்கு வர ரொம்ப நேரம் எடுத்தது. ஸ்மித் பிரிடிக்டர் (மோட்டாரின் மாடலை வைத்துக் கணித்துத் தாமதத்தை ஈடுகட்டும் முறை) மட்டும் போட்டதும் பலிக்கவில்லை, அது தாமதம் மாறாது என்று நம்பித்தானே கணிக்கிறது. கைகொடுத்தது மோட்டார் பக்கம் பஃபர் (வந்த கட்டளையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் இடம்) வைக்கச் சொன்ன யோசனைதான்: அளவீட்டோடு போகும் நேரமுத்திரையை கன்ட்ரோலர் அப்படியே திருப்பி அனுப்பும், கட்டளை சீக்கிரம் வந்தாலும் அளவீட்டு நேரத்திலிருந்து மொத்தம் 60 மில்லிசெகண்ட் ஆகும்வரை பஃபரில் காத்திருக்கும், எல்லாம் மோட்டார் பக்கத்து ஒரே கடிகாரம் என்பதால் இரண்டு பக்கத்தையும் ஒத்திசைக்கிற தொல்லையும் கிடையாது. தாமதம் கூடுதல்தான், ஆனால் நிலையானது. அப்புறம் ஸ்மித் பிரிடிக்டர் ஒழுங்காக வேலை செய்தது.

எதிர்பாராதது ஒன்று. திடீர் திடீரென வந்த பெரிய தாமதங்களுக்கு நெரிசல் காரணமே இல்லை, வைஃபை மாட்யூலின் பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதிதான். ரூட்டர் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பான பீக்கனுக்கு (வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று) மட்டும் விழித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். அதை அணைத்துவிட்டு, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் டிசிபியிலிருந்து, அப்படி அனுப்பாத யூடிபிக்கு மாறிய பிறகுதான் 60 போதுமானதாக இருந்தது. அதையும் தாண்டி வரும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முந்தைய கட்டளையையே தொடரவிடுகிறேன்.