புதுப்பிப்பு: ## ஒட்டுகிறது, பலகை எண் மட்டும் வரவில்லை (தீர்ந்தது)

போன வாரம் கேட்டது இதுதான். உப்புவெளியில் ஒரு படகுக்குக் கடல்நீர் வெப்பநிலை பார்க்கும் சின்னக் கருவி செய்கிறேன். நிரல் C மொழியில். பலகை என்ற மேக்ரோவின் (எழுதிய இடத்தில் வேறொன்றாக விரியும் பெயர்) மதிப்பு 2. ஒட்டு என்பது ## குறியால் இரண்டு துண்டுகளை ஒரே பெயராகச் சேர்க்கும் இன்னொரு மேக்ரோ. ஒட்டு(வாசி_, பலகை) என்று அழைத்தால் வாசி_2 வர வேண்டும், ஆனால் வாசி_பலகை என்றே வந்தது. அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று கொம்பைலர் நின்றுவிட்டது.

நேற்று இரவு முன்செயலியின் (கொம்பைலருக்கு முன்னால் மேக்ரோக்களை விரிக்கும் பகுதி) வெளியீட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ## குறிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆர்கியுமென்ட்டை (மேக்ரோவுக்குள் கொடுப்பதை) முன்செயலி விரிக்காது, எழுதியபடியே ஒட்டிவிடும். C மொழியின் 1989 தரத்தில் ## வந்த நாளிலிருந்தே விதி இதுதான்.

சரி, தீர்வு இரண்டு படி:

ஒட்டு(அ, ஆ) → அ ## ஆ
இணை(அ, ஆ) → ஒட்டு(அ, ஆ)

இணை-யின் உடலில் ## இல்லை. அதனால் பலகை முதலில் 2 ஆக விரிகிறது, அப்புறம்தான் ஒட்டு-க்குப் போகிறது. இப்போது இணை(வாசி_, பலகை) சரியாக வாசி_2 தருகிறது. இந்த ஒரு வரி இடைப்படி எவ்வளவு அழகாக வேலை செய்கிறது!

இன்னொன்று. ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) உறுப்பை எடுக்க, புள்ளிக்கும் பெயருக்கும் நடுவிலும் ## போட்டிருந்தேன். அது பிழை. ஒட்டி வருவது ஒரே டோக்கனாக (நிரலின் ஒரு தனிச் சொல் அல்லது குறியாக) இருக்க வேண்டும், புள்ளியும் பெயரும் சேர்ந்தால் அப்படி ஒரு டோக்கன் கிடையாது. அங்கே ## தேவையே இல்லை, எடுத்துவிட்டேன்.

வெளியீட்டைப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு மிக்க நன்றி. நாளை விடிய கருவி படகில் ஏறுகிறது.