பிபிஎம்என் ஃப்ளோவுக்கு நடுவுல ஃப்ளெக்சிபிளான கேஸ் வேலை வந்தா எப்படி மாடல் பண்றது?

அம்புக்குறி_அலைச்சல் கேட்டது:

இன்சூரன்ஸ் கிளெய்ம் சிஸ்டம் ஒண்ணுக்கு மாடல் போட்டுட்டு இருக்கோம். கிளெய்ம் பதியறது, பாலிசி நடப்புல இருக்கான்னு செக் பண்றது, கடைசில பணம் அனுப்பறது, இதெல்லாம் பிபிஎம்என்ல (வேலை ஓட்டத்தை பெட்டி, அம்புக்குறி போட்டு வரையற நொட்டேஷன்) ஒரு தொந்தரவும் இல்லாம உக்காந்துடுச்சு. நடுவுல வர்ற விசாரணைதான் தலைவலி. விசாரிக்கறவர் ஒரு கேஸ்ல சர்வேயரை அனுப்பறார், இன்னொண்ணுல மெடிக்கல் ரிப்போர்ட் கேக்கறார், சிலதுல ரெண்டும், சிலதுல எதுவும் வேண்டாம்னு நேரா ஒப்புதலுக்குத் தள்ளிடறார், இதுக்கு நடுவுல கிளெய்ம் போட்டவர் புதுசா ஒரு டாக்குமென்ட் அனுப்புவார், உடனே ஏற்கனவே முடிஞ்ச வேலையை மறுபடி பாக்கணும். இதையெல்லாம் கேட்வே (ஃப்ளோ பிரியற, சேர்ற இடம்) வெச்சு வரைஞ்சா எல்லா பெட்டியிலேர்ந்தும் எல்லா பெட்டிக்கும் அம்பு போகுது. முழுசா சிஎம்எம்என்க்கு (வரிசை முன்கூட்டியே தெரியாத கேஸ் வேலையை வரையற நொட்டேஷன்) மாறிடறதா, இல்ல ரெண்டையும் சேக்கலாமா? சேத்தா எது வெளிய, எது உள்ள?

டோக்கன்_தொலைச்சவன்:

முழுசா மாறாதீங்க, பணம் அனுப்பற வேலையை சிஎம்எம்என்ல வரைய முயற்சி பண்ணீங்கன்னா அது இதைவிட பெரிய கொடுமை. ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்வி கேளுங்க: அடுத்து என்னங்கறதை யார் முடிவு பண்றாங்க? மாடல் முடிவு பண்ணுதுன்னா பிபிஎம்என். கேஸை கையில வெச்சிருக்கற ஆள் முடிவு பண்றார்னா சிஎம்எம்என்.

எது வெளியங்கறதுக்கு என் கருத்து, ரொம்ப நாள் உயிரோட இருக்கறது எதுவோ அது வெளிய இருக்கணும். உங்க விஷயத்துல அது கிளெய்ம், அதாவது கேஸ். கிளெய்மை கேஸ் பிளானா வெச்சுட்டு, விசாரணையை ஒரு ஸ்டேஜா போடுங்க, அதுக்குள்ள சர்வே, மெடிக்கல் ரிப்போர்ட் ரெண்டையும் டிஸ்கிரிஷனரி ஐட்டமா வைங்க, அதான் அந்த புள்ளிக்கோடு போட்ட பெட்டி, வேணும்னு தோணினா அந்த ஆள் பிளான்ல சேத்துக்குவார், இல்லன்னா அது அந்த கேஸ்ல இல்லவே இல்ல. பணம் அனுப்பறதை புரோசெஸ் டாஸ்க்கா வெச்சு உங்ககிட்ட இருக்கற பிபிஎம்என்னை அப்படியே கூப்பிடுங்க, திரும்ப வரைய வேண்டாம். விசாரணை முடிஞ்சதுங்கறது ஒரு மைல்ஸ்டோன், அது எட்டினதும் ஒப்புதல் தானா திறக்கும்.

புது டாக்குமென்ட் வர்ற சமாச்சாரத்துக்கு சென்ட்ரி, அதாவது எது நடந்தா டாஸ்க் ஆரம்பிக்கணும்னு சொல்ற கண்டிஷன், படத்துல சின்ன டைமண்ட். ஆனா முடிஞ்ச டாஸ்க் தானா திரும்ப எழுந்திருக்காது, ரிப்பிட்டிஷன் ரூல் போட்டு வெச்சிருந்தாதான் சென்ட்ரி அடிக்கும்போது புதுசா இன்னொரு இன்ஸ்டன்ஸ் வரும். இன்னொண்ணு, இதுல எல்லாரும் வழுக்கி விழறாங்க: ஒரே டாஸ்க்ல ரெண்டு டைமண்ட் போட்டா ‘இது அல்லது அது’, ஒரே டைமண்ட்டுக்குள்ள ரெண்டு ஈவென்ட் இணைச்சா ‘ரெண்டும் நடந்தாதான்’. படத்துல வித்தியாசம் கண்ணுலயே படாது, ஓட்டிப் பாத்தாதான் தெரியும்.

சிம்பிளாவே_போவோம்:

மேல சொன்னது தியரியா சரி, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். சிஎம்எம்என் 1.0 வந்தது 2014ல, 1.1 2016ல, அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் நகரல. மாடலை ஓட்டற இன்ஜின்கள்ல ஃப்ளோவபிள் நல்லா சப்போர்ட் பண்றாங்க, ஆனா கமுண்டா 7ல இருந்த சிஎம்எம்என் கமுண்டா 8ல கிடையாது. நாளைக்கு இன்ஜின் மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க?

பிபிஎம்என் 2.0லயே ஆட்-ஹாக் சப்-புரோசெஸ் இருக்கு, கீழ டில்டே குறி போட்ட பெட்டி. உள்ள இருக்கற டாஸ்க்கை எந்த வரிசையிலயும் பண்ணலாம், எத்தனை தடவையும் பண்ணலாம், பண்ணாமலும் விடலாம், எப்ப முடியணும்ங்கறதுக்கு கம்ப்ளீஷன் கண்டிஷன் ஒண்ணு. ஸ்டார்ட் ஈவென்ட், எண்ட் ஈவென்ட் மட்டும் உள்ள வைக்கக் கூடாது. புது டாக்குமென்ட்டுக்கு நான்-இன்டரப்டிங் (ஓடற வேலையை நிறுத்தாத) ஈவென்ட் சப்-புரோசெஸ் மெயின் புரோசெஸ்ல போட்டா போதும். ஒரே நொட்டேஷன், பிசினஸ் ஆளுங்களுக்கும் இன்னொரு படம் கத்துக்கொடுக்க வேண்டாம்.

அதுக்கும் முன்னாடி, ‘அவர் முடிவு பண்றார்’னு சொல்றீங்களே, நிஜமாவே அவர்தான் முடிவு பண்றாரா இல்ல இவ்வளவு தொகைக்கு மேல போனா சர்வேயர்ங்கற மாதிரி எழுதாத ரூல் இருக்கான்னு அவர் பக்கத்துல உக்காந்து கேளுங்க. இருந்தா அது டிஎம்என் (முடிவு ரூல்களை எழுதற நொட்டேஷன்) டேபிள், உங்க அம்புல பாதி அங்கயே காணாம போயிடும்.

அம்புக்குறி_அலைச்சல்:

ரூல் விஷயம் உண்மைதான், கேட்டுப் பாத்தேன், மெடிக்கல் ரிப்போர்ட் முழுக்க ரூல்தான். சர்வேயர் மட்டும் நிஜமாவே அவர் மனசுல படறது. ஆனா ஆட்-ஹாக் எங்களுக்கு போதாது, ஏன்னா மோசடி சந்தேகம்னு வந்துட்டா பணம் போனதுக்கு அப்புறமும் கிளெய்மைத் திறந்து வேலை பாக்கறாங்க. அதனால கேஸை வெளிய வைக்கலாம்னு இருக்கேன். டேட்டாவை எங்க வைக்கறது?

மேப்பிங்_மாமா:

பணம் போனதுக்கு அப்புறமும் வேலை இருக்குன்னா கேஸ் வெளியதான், அதுல விவாதமே இல்ல. தலைகீழா புரோசெஸ் வெளிய கேஸ் உள்ளன்னு வெச்சா இன்னொரு சிக்கல், பிபிஎம்என் ஸ்டாண்டர்ட்ல கால் ஆக்டிவிட்டி கேஸைக் கூப்பிடாது, ஃப்ளோவபிள் அதுக்குன்னு சொந்தமா ஒரு கேஸ் டாஸ்க் வெச்சிருக்காங்க, இப்படி சொந்தமா எதுவும் இல்லாத இன்ஜின்ல நீங்களே ஒட்டுப் போடணும்.

டேட்டாவுக்கு வருவோம். இந்த மாதிரி கலப்பு மாடல் உடையறது பெரும்பாலும் அம்புலயோ டைமண்ட்லயோ இல்ல, இங்கதான். சிஎம்எம்என் ஸ்பெக்ல கேஸோட டேட்டாவை வைக்க கேஸ் ஃபைல்னு ஒண்ணு இருக்கு, நடைமுறையில நிறைய இன்ஜின் அதை முழுசா செய்யாம வேரியபிளை வெச்சுதான் ஓட்டுது. புரோசெஸ் டாஸ்க் கூப்பிடும்போது இன்புட் மேப்பிங்ல வேல்யூ காப்பி ஆகி உள்ள போகும், முடிஞ்சா அவுட்புட் மேப்பிங்ல வெளிய வரும், நடுவுல கேஸ்ல யாராவது தொகையை மாத்தினா உள்ள ஓடற புரோசெஸ்க்கு அது தெரியவே தெரியாது. பழைய தொகை போயிடும். அதனால கிளெய்ம் டேட்டாவை தனியா ஒரு டேபிள்ல, அதாவது உங்க டொமைன் சர்வீஸ்லயே வெச்சுட்டு, கேஸுக்கும் புரோசெஸுக்கும் கிளெய்ம் ஐடி மட்டும் குடுங்க. தேவைப்படறப்ப போய் எடுத்துக்கட்டும்.

கேன்சலையும் இப்பவே யோசிச்சிடுங்க. கிளெய்ம் போட்டவர் வேண்டாம்னு வாபஸ் வாங்கினா எக்சிட் கிரைடீரியன் அடிச்சு ஸ்டேஜ் மூடும், உள்ள இருக்கற டாஸ்க் எல்லாம் சேந்து மூடும், ஆனா கூப்பிட்ட புரோசெஸ் அப்ப பேமென்ட் கேட்வேக்கு ரெக்வெஸ்ட் அனுப்பிட்டு காத்துட்டு இருந்தா? வெளியிலேர்ந்து கொன்னா காம்பென்சேஷன் ஹேண்ட்லர் (ஏற்கனவே செஞ்சதைத் திருப்பி சரி பண்றது) ஓடும்னு நம்பிடாதீங்க, பிபிஎம்என்ல டெர்மினேட் எண்ட் ஈவென்ட்டே காம்பென்சேஷன் இல்லாமதான் முடிக்கும். கொல்றதுக்குப் பதிலா புரோசெஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க, அது தானே சுத்தம் பண்ணிட்டு முடியட்டும், அது முடிஞ்ச அப்புறம் ஸ்டேஜை மூடுங்க.

டோக்கன்_தொலைச்சவன்:

இது செம பாயிண்ட். அதோட எஸ்எல்ஏ (சொன்ன நேரத்துக்குள்ள வேலை முடியுதாங்கற) ரிப்போர்ட் கேப்பாங்க, டாஸ்க் வரிசையை வெச்சு கணக்கு போடாதீங்க, வரிசைதான் ஒவ்வொரு கேஸுக்கும் மாறுதே, மைல்ஸ்டோன்லேர்ந்து மைல்ஸ்டோனுக்கு எவ்வளவு நேரம்னு எடுங்க. அந்த மெடிக்கல் ரிப்போர்ட் ரூலை டெசிஷன் டாஸ்க்கா ஸ்டேஜுக்குள்ளயே வைக்கலாம், 1.1லேர்ந்து இருக்கு.

அம்புக்குறி_அலைச்சல்:

சரி, சர்வேயர் மட்டும் டிஸ்கிரிஷனரி, மெடிக்கல் டெசிஷன் டாஸ்க், பேமென்ட் பழைய பிபிஎம்என். முதல்ல வாபஸ் கேஸை டெஸ்ட் பண்ணிட்டு வரேன், அதுதான் உடையும்னு தோணுது.