சீன ஒப்பந்தம், இலத்தீன் பூசை: பாப்பரசர் சொல்வதை எதுவரைக்கும் கேட்க வேண்டும்?

பொங்கோல்_மேரி:
நாங்கள் சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போகிற குடும்பம். தம்பி மட்டும் கொஞ்ச நாளாக, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய பழைய இலத்தீன் பூசைதான் உண்மையான பூசை என்கிறான். சரி, அது அவன் விருப்பம். ஆனால் குடும்ப வாட்ஸ்அப்பில் அவன் போடுவதுதான் தாங்கவில்லை. 2018-ல் ஆயர் நியமனத்துக்காக வத்திக்கான் சீனாவோடு ஒப்பந்தம் போட்டது துரோகமாம், 2024 செப்டம்பரில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் இங்கே வந்தபோது கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் இளைஞர்களிடம் எல்லா மதங்களும் கடவுளை அடையும் வழி என்று பேசியது தப்பறையாம் (விசுவாசத்துக்கு மாறான போதனையாம்), அதனால் இந்த ரோமுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லையாம். தேசிய விளையாட்டரங்கப் பூசைக்குக் குலுக்கலில் டிக்கெட் விழுந்ததற்கே அழுத அம்மா இதையெல்லாம் படிக்கிறார். உலக விவகாரத்தில் பாப்பரசரை மறுத்துப் பேசினால் பாவமா? கோடு எங்கே இருக்கிறது?

ஈசூன்_ஜோ:
மறுத்துப் பேசுவது பாவம் இல்லை. 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கம் (ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) வழுவாவரம், அதாவது பிழையே வராத போதனை, என்று வரையறுத்தது, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி முழுத் திருச்சபைக்கும் பாப்பரசர் இறுதியாக அறிவிப்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு அப்படி அறிவித்தது 1950-ல், மாதாவின் விண்ணேற்பு. சீன ஒப்பந்தம் இராஜதந்திரம். ஹாங்காங் கர்தினால் ஜென் அதை வெளிப்படையாகவே கடுமையாக எதிர்த்தார், யாரும் அவர் கர்தினால் பட்டத்தைப் பிடுங்கவில்லை. ஆக, உங்கள் தம்பி ஒப்பந்தத்தைத் திட்டலாம். அங்கிருந்து "அதனால் கீழ்ப்படிய வேண்டியதில்லை" என்று ஒரே தாவாகத் தாவுகிறாரே, அதுதான் சிக்கல். திருச்சபைச் சட்டம் 751 பிளவு என்று சொல்வது, பாப்பரசருக்குக் கீழ்ப்படிய மறுப்பதையும் அவரோடு ஒன்றித்திருப்பவர்களை விட்டு விலகுவதையும்.

பழைய_பூசைப்புத்தகம்:
நானும் பழைய பூசை ஆள்தான், கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள். எதிர்ப்பு வெறும் ஏக்கத்தில் வந்தது இல்லை. 1864-ல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) மதச் சுதந்திரக் கொள்கைகளைப் பிழைகள் என்று பட்டியலிட்டார், 1925-ல் பதினோராம் பத்திநாதர் நாடுகளும் கிறிஸ்து அரசருக்குக் கட்டுப்பட்டவை என்றார், 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரம் மனித உரிமை என்றது. இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் உடனே கலகக்காரன் பட்டம். பழைய பூசைக்கு 2007-ல் பாப்பரசர் பெனடிக்ட் திறந்த கதவை 2021-ல் பிரான்சிஸ் மறுபடி இறுக்கியது உண்மையிலேயே வலித்தது. ஆனால் மேரி அக்கா, நாங்கள் எல்லாரும் ஒரே கூட்டம் இல்லை. ஆயர் அனுமதியோடு நடக்கும் இலத்தீன் பூசை ஒன்று. பிரெஞ்சுப் பேராயர் லெஃபெவ்ர் ஆண்டகை தொடங்கிய பத்தாம் பத்திநாதர் சபை வேறு, 1988-ல் ரோமின் அனுமதி இல்லாமல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தவர் அவர், பாளையங்கோட்டையில்கூட அந்தச் சபைக்கு மடம் உண்டு. 1958-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் இறந்ததிலிருந்து பாப்பரசரே இல்லை என்பவர்கள் இன்னொரு வகை. தம்பி இதில் எங்கே நிற்கிறார்?

விக்டோரியா_தெரு_தாத்தா:
அதிகாரக் குழப்பம் இந்த ஊருக்குப் புதிதா என்ன! விக்டோரியா தெரு புனித சூசையப்பர் கோவில் 1981 வரைக்கும் மக்காவ் மறைமாவட்டத்துக்குக் கீழே இருந்தது. இத்தனைச் சின்னத் தீவில் ஒரு கோவிலுக்கு ஆயர் இங்கே, இன்னொன்றுக்கு ஆயர் கடல் தாண்டி. எல்லாம் பதுரவாதோ என்ற போர்த்துகீசிய உரிமையால் வந்தது, அதன்படி தன் எல்லைக்குள் ஆயர்களை முன்மொழிந்ததே போர்த்துக்கல் ராஜாதான். 1801-ல் நெப்போலியனுக்கும் ரோம் அதே மாதிரி விட்டுக்கொடுத்தது. ஆயர் நியமனத்தில் அரசு தலையிடுவதைப் பார்த்து உலகமே இடிந்துவிட்டது போலத் தம்பி பேசினால் இதைக் காட்டுங்கள்.

பழைய_பூசைப்புத்தகம்:
தாத்தா, போர்த்துக்கல் ராஜா கத்தோலிக்கர். பெய்ஜிங்கில் இருப்பது கடவுளே இல்லை என்கிற கட்சி. அதுவும் ஒப்பந்த வாசகத்தை இன்றுவரை வெளியிடவில்லை, இரகசியத்தை எப்படி நம்பச் சொல்கிறீர்கள்?

ஈசூன்_ஜோ:
அது நியாயமான கேள்வி. சந்தேகத்தோடு பூசைக்குப் போகலாம், தனியாகப் பிரிந்துதான் போக வேண்டும் என்பது இல்லை.

பொங்கோல்_மேரி:
நன்றி. தம்பியிடம் கேட்டேன், அவன் போவது லெஃபெவ்ர் சபைக் கோவிலுக்குத்தானாம். பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) அங்கேயே. அது செல்லுமா?

பழைய_பூசைப்புத்தகம்:
செல்லும். அந்தக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்துக்கு 2015-ல் அனுமதி கொடுத்தது பிரான்சிஸ்தான் அக்கா. அடுத்த வருடம் அதைக் காலவரையின்றி நீட்டித்ததும் அவரே. இதைக் குடும்ப குரூப்பில் போட்டுப் பாருங்கள்.