ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு எதற்கு மூன்று தொழிற்சங்கம்?

லயத்துப் பையன், நுவரெலியா

அம்மாவின் சம்பளச் சிட்டையை மாதாமாதம் நான்தான் வாசித்துச் சொல்வேன். போன மாதம் 21 நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவருக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், 16; மிச்சம் ஐந்தும் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். பறித்த கிலோ குறைவாம். பனி கொட்டுகிற மாதத்தில் கொழுந்து எங்கே கிளம்பும்? ஆனால் சங்கச் சந்தாவை மட்டும் முழுசாகப் பிடித்திருக்கிறார்கள். அரைப்பேருக்கு அரைச் சந்தா கிடையாதாம்.

எங்கள் தோட்டத்தில் மூன்று சங்கம் இருந்தும் ஒரு தலைவரும் எட்டிப் பார்க்கவில்லை. தாத்தாவோ, "சங்கம் வராட்டி இன்னும் கங்காணி காலம்தான்டா" என்கிறார். அப்படி என்ன காலம் அது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தலைவர், தலவாக்கலை

தம்பி, நானும் பதினேழு வருஷம் சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தவன். நீங்கள் திட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு.

தாத்தா சொல்வது சரி. பெரிய கங்காணிதான் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் கட்டி வந்தவர், முன்பணம் கொடுத்தவர், கடன் கணக்கு வைத்திருந்தவர். அவர் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, இறக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் ஒரு துண்டு வேண்டும். "இவர்களுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம்" என்று எழுதிய காகிதம். புதுத் தோட்டம் அதைக் கட்டும், கடன் அப்படியே கூட வரும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை. துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

அப்புறமும் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குத்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல மூட்டையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தார் என்று எங்கள் பக்கம் இன்னமும் சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் தொடங்கினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். அந்தப் பெயரை மறக்காதீர்கள்.

மூன்று சங்கம் ஏன் என்றால், 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதியலாம். தலைவர்களுக்குள் சண்டை வந்தால் தொப்பி மாற்றுகிற மாதிரி சங்கம் மாறும். என் தோட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் முன்பின் உட்கார்ந்த தகராறில் ஒரு லயமே கட்சி மாறியது! தோட்டத்து முகாமையாளரான துரைக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன? கங்காணியைத் தாண்டித் துரையிடம் பேச ஒரு வாய் வேண்டும் என்றுதான் சங்கம் வந்தது. பிறகு எங்களில் சிலரே கங்காணி ஆனோம்.

மலையோரத்து அக்கா, பதுளை

ஐயா ஒன்றை விட்டுவிட்டார். ஒரே மலையில் ஒரே வேலை செய்தாலும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம்தான். 1984இல் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் சமமானது. கூடை தூக்குவது பெண்கள், தலைவர் நாற்காலியில் மட்டும் ஆண்கள்.

தம்பி, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழித்தார்கள்? 2021இல் சம்பளச் சபை நாளுக்கு 1000 ரூபாய் என்று தீர்த்த பிறகு எங்கள் தோட்டத்தில் முழுப்பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். அரைப்பேர் முக்கால்வாசி அந்தத் தராசில்தான் பிறக்கிறது.

லயத்துப் பையன், நுவரெலியா

நன்றி ஐயா, அக்கா. அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு எழுதத் தெரியாது. அடுப்பங்கரைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். முழுப்பேருக்கு நீளக் கோடு, அரைப்பேருக்குக் குட்டைக் கோடு. இத்தனை நாளும் ஏதோ கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் போன மாதத்தில் குட்டைக் கோடு மூன்றுதான், ஐந்தில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக்குப் போகிறோம். சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது, போனில் படம் எடுத்துவிட்டேன்.